வயலில் கிடைத்த பழங்காசு: யாரிடம் காட்டுவது?

போன மாதம் மில்டன் கீன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எனக்கு ஒரு படம் அனுப்பினார். உழுத வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடந்தபோது கிடைத்த காசு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. எடை ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். சேற்றுக்கு அடியில் வெள்ளி மினுங்குகிறது. ஒரு பக்கத்தில், கால்கள் தனியாகவும் உடல் தனியாகவும் கழன்று கிடப்பதுபோல் ஏதோ ஒரு விலங்கு. "அண்ணா, கைப்பேசிச் செயலி கிரேக்கக் காசு என்கிறது. இணையக் குழுவில் மூன்று பேர் மூன்று பெயர் சொல்கிறார்கள். ஒரு வியாபாரி, பெயரெல்லாம் எதற்கு, நாற்பது பவுண்டு தருகிறேன் என்கிறார். நான் யாரை நம்புவது?"

இங்கிலாந்தில் குடியேறி, வார இறுதியில் இந்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் நம்மவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோரும் ஏதாவது ஒரு நாளில் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். காசை அடையாளம் காண அவர்களுக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: புத்தகமும் தரவுத்தளமும் வைத்துத் தானே கண்டுபிடிப்பது, இணையக் குழுவிலோ செயலியிலோ கேட்பது, பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பார்த்துப் பதிவுசெய்யும் மாவட்டக் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் கொண்டுபோவது, நாணய வணிகரிடமோ ஏலக் கூடத்திலோ காட்டுவது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கிலும் நான் போயிருக்கிறேன். எந்தக் காசோடு எந்த வாசலில் போய் நிற்பது என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு.

## எதை வைத்து அளப்பது

விடை சரியாக இருக்குமா என்பது முதல் கேள்வி. எவ்வளவு நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பவை அடுத்தவை. காசு பத்திரமாக நம் கைக்குத் திரும்புமா என்பது அதற்கடுத்தது. பலரும் கேட்காமல் விடுவது ஐந்தாவது கேள்வியைத்தான்: காசு கிடைத்த இடம் யாருக்கெல்லாம் தெரியவரும்? அந்தத் தகவல் நிலைத்த பதிவாக ஓரிடத்தில் சேருமா, இல்லை கசிந்து காற்றோடு போய்விடுமா?

நான் அதிக எடை கொடுப்பது இந்த ஐந்தாவதற்கு. ஒரு காசின் அடையாளத்தில் பாதி அதன்மேல் இருக்கிறது, மறுபாதி அது கிடந்த மண்ணில் இருக்கிறது. நம் ஊரிலேயே சான்று உண்டு. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் உளியால் வெட்டிய கோடு விழுந்திருக்கிறது. அவை மறுபடி நாணயமாகப் புழங்கக் கூடாது என்று இங்கிருந்த ஆட்சியாளர் யாரோ வெட்ட வைத்திருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கிடைத்த இடம் தெரிந்ததால்தான் இப்படி ஒரு கருத்தே பிறக்க முடிந்தது. அதே காசு இடம் தெரியாமல் ஒரு கடையில் கிடந்திருந்தால், வெட்டுப்பட்டது, விலை குறைவு என்று சொல்லித் தள்ளியிருப்பார்கள்.

## வழி எதுவானாலும், முதல் பத்து நிமிடம்

காசு கையில் வந்ததும், குழியை மூடுவதற்கு முன்பே, கைப்பேசியில் தேசிய வரைபடக் கட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு இலக்க எண் நூறு மீட்டர் சதுரத்தைக் காட்டும். எட்டு இலக்கம் பத்து மீட்டர். பத்து இலக்கம் ஒரு மீட்டர். எட்டுக்குக் குறைய வேண்டாம். காசைத் தனி உறையில் போட்டு, உறையின் மேலேயே எண்ணையும் தேதியையும் எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எந்தக் காசு எந்த மூலையில் கிடைத்தது என்பது மறந்துபோகும்.

அடுத்தது, துலக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குக் கிடைத்த முதல் ரோமானியக் காசு, கதிர்முடி சூடிய தலையோடு, கரும்பச்சையாக, வழவழவென்று இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரவு ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்துக் காசை ஊறப்போட்டேன். காலையில் எடுத்தபோது சொரசொரப்பான, இளஞ்சிவப்பான ஒரு செப்புத் தகடுதான் கையில் இருந்தது. முகம் இல்லை, எழுத்து இல்லை. மண்ணில் 1,800 ஆண்டுகள் கிடந்த செப்புக்காசில், அச்சில் விழுந்த நுண்கோடுகள் அந்தப் பச்சைக் களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கும். களிம்பைக் கரைத்தால் கோடுகளும் சேர்ந்து கரைந்துவிடும். எலுமிச்சை, வினிகர், பல் துலக்கும் பசை எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். மண் அதிகமாக ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் வைத்து, தானாக இளகும் மண்ணை மட்டும் போகவிடுங்கள். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் அது வெண்கல நோய். காசை ஈரம் படாமல் வைத்து, அறிந்தவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது சட்டம். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் செல்லுபடியாகும் 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேல் பழைய, குறைந்தது 10% பொன்னோ வெள்ளியோ கலந்த காசுகள் இரண்டு ஒரே கண்டெடுப்பில் சேர்ந்து வந்தால் அது புதையல். அந்த அளவு பொன்னோ வெள்ளியோ இல்லாத காசுகளானால் பத்து வேண்டும். புதையல் என்று தெரிந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். ஸ்காட்லாந்தில் முறை வேறு: அங்கே தனிக்காசானாலும் பழம்பொருள் எதுவாக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும்.

இதில் பலருக்குப் பிடிபடாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. கதிர்முடி சூடிய தலையுள்ள இரண்டு காசுகள் ஒரே குழியில் கிடைத்தன என்று வையுங்கள். அவை ரோமானியப் பேரரசர் மூன்றாம் கோர்டியன் (238–244) காலத்தவை என்றால், ஏறக்குறைய 40% வெள்ளி. இரண்டே காசானாலும் புதையல். பின்னால் வந்த பேரரசர் டெட்ரிகஸ் (271–274) காலத்தவை என்றால் வெள்ளி பெயரளவுக்குத்தான் இருக்கும். பத்து சேர்ந்தால்தான் புதையல். காசை அடையாளம் கண்ட பிறகே சட்டம் என்ன சொல்கிறது என்பது தெளிவாகிறது. எனவே இரண்டாவது காசு அதே இடத்தில் கிடைத்த உடனே, நான்கு வழிகளில் மூன்றை மறந்துவிட்டு அலுவலரைக் கூப்பிடுங்கள்.

தோண்டுவதையும் அங்கேயே நிறுத்துங்கள். 2010-ல் சோமர்செட்டின் ஃப்ரோம் அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு பானையின் வாயைப் பார்த்ததும் குழியை மூடிவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து அடுக்கடுக்காக எடுத்தபோது அதில் 52,503 காசுகள் இருந்தன. எந்தக் காசு பானையின் எந்த ஆழத்தில் கிடந்தது என்பது தெரிந்ததால்தான், அந்தக் காசுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தவையா, ஒரே தடவையில் கொட்டப்பட்டவையா என்று ஆராய முடிந்தது.

## வழி 1: நாமே கண்டுபிடிப்பது

ரோமானியக் காசுக்கு இது அருமையான வழி. ரோமானியர் வருவதற்கு முன் பிரிட்டனில் வாழ்ந்த குடிகளின் கெல்ட்டிக் காசுக்கு இது ஆபத்தான வழி. ஏன் இப்படி இரண்டாகப் பிரிக்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன்.

ரோமானியக் காசு தன்னைப் பற்றித் தானே பேசும். தலைப்பக்கத்தில் பேரரசரின் பெயர், பூப்பக்கத்தில் ஒரு தெய்வமோ காட்சியோ, அடியில் நாணயச்சாலையின் குறி. ஓர் உதாரணம் பார்ப்போம். பிரிட்டனில் அதிகம் கிடைப்பது நான்காம் நூற்றாண்டின் சின்னச் செப்புக்காசு. விட்டம் பதினைந்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கு வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பிடியுங்கள். பூப்பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் எதிரெதிரே நிற்பது நிழலில் எழும்பி வரும். அவர்களுக்கு நடுவே படைக்கொடி இரண்டா, ஒன்றா? இரண்டு என்றால் 330 முதல் 335 வரை. ஒன்று என்றால் 335 முதல் 341 வரை. எழுத்து முழுவதும் தேய்ந்து போயிருந்தாலும், கொடியை எண்ணத் தெரிந்தவருக்கு ஆண்டு கிடைத்துவிடும். அடியில் டி-ஆர் என்று தெரிந்தால் ட்ரையர் நகரம். பி-எல்-ஜி என்றால் லியோன். லண்டன் குறி இந்த வகையில் வராது. அந்த நாணயச்சாலை 325 வாக்கில் மூடப்பட்டுவிட்டது. கைதியின் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போகும் பேரரசர் என்றால் 364-க்கும் 378-க்கும் இடைப்பட்டது. இப்படி ஏழெட்டு உருவங்களை மனப்பாடம் செய்தால் வயலில் கிடைக்கும் நான்காம் நூற்றாண்டுக் காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு நின்ற இடத்திலேயே தேதி சொல்லிவிடலாம். இலங்கைக் கரையோரங்களிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டின் ரோமானியச் செப்புக்காசுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. கொழும்பு அருங்காட்சியகத்தைப் பார்த்த கண்ணுக்கு இவை அந்நியமாகத் தெரியாது.

அதற்கு முந்தைய காலத்துக்கு எடையும் விட்டமும் துணைக்கு வரும். டெனாரியஸ் வெள்ளி, மூன்று முதல் நான்கு கிராம், விட்டம் பதினெட்டு மில்லிமீட்டர் அளவு. செஸ்டர்ஷியஸ் கை நிறையும் பித்தளைக்காசு; புதிதாக இருந்தபோது இருபத்தைந்து கிராம் அளவில் இருந்திருக்கும். இடையில் உள்ள இரண்டில், கதிர்முடி இருந்தால் டுபோண்டியஸ், இலைமாலை இருந்தால் பெரும்பாலும் ஆஸ். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பயனுள்ள கருவி இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

தேடுவதற்கான வசதிகளும் இலவசம். அமெரிக்க நாணயவியல் கழகம் பேரரசுக் கால வகைகளை எல்லாம் இணையத்தில் படத்தோடு வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் தரவுத்தளத்தில் 15 லட்சத்துக்கும் அதிகமான பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. இரண்டாவதுதான் நமக்கு அதிகம் உதவும். ஏலப் பட்டியலில் இருப்பவை பளிச்சென்ற காசுகள். இந்தத் தரவுத்தளத்தில் இருப்பவை நம் கையில் இருப்பதைப் போலவே தேய்ந்து, நெளிந்து, பாதி உடைந்த காசுகள்.

மறைந்திருக்கும் செலவு என்ன? நேரம், அதோடு பொய்யான உறுதி. 275-ஐ ஒட்டிய பத்தாண்டுகளில் கால்லியாவிலும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) பிரிட்டனிலும் உள்ளூரில் அடித்த போலிக் கதிர்முடிக் காசுகள் ஏராளம். டெட்ரிகஸின் தாடி இருக்கும். எழுத்து வெறும் கோடுகளாக இருக்கும். அளவு பட்டாணி போல இருக்கும். எந்த நாணயச்சாலைப் பட்டியலிலும் அதற்கு எண் கிடையாது. அது தெரியாமல் நான் மூன்று மாலைகளைச் செலவிட்டு, கடைசியில் ஏதோ ஒரு எண்ணைப் பொருத்தி எழுதி வைத்தேன். அது தவறு. கண் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் காசில் இல்லாத எழுத்தும் தெரிய ஆரம்பித்துவிடும்.

கெல்ட்டிக் காசுக்கு வருவோம். இதன் வேர் மாசிடோனிய மன்னர் இரண்டாம் ஃபிலிப்பின் பொற்காசு: ஒருபுறம் இலைமாலை சூடிய அப்பல்லோ, மறுபுறம் இரட்டைக் குதிரைத் தேர். அதைப் பார்த்துப் பார்த்து, படியெடுத்ததையே மறுபடி படியெடுத்து, பல தலைமுறைகள் அச்சு வெட்டினார்கள். முகம் மறைந்து இலைமாலை மட்டும் எஞ்சியது. தேர் மறைந்து ஒரு சக்கரமும், துண்டு துண்டாகப் பிரிந்த ஒரு குதிரையும் எஞ்சின. நேராகப் பிடித்தால் குதிரை, தலைகீழாகப் பிடித்தால் பாம்பு போலத் தெரியும். பெரும்பாலானவற்றில் எழுத்தே கிடையாது. அச்சு பெரிது, காசு சிறிது. ஆகவே மொத்த உருவத்தில் ஒரு பகுதிதான் காசில் விழுந்திருக்கும். குதிரையின் வால் எத்தனை இழை, வயிற்றுக்குக் கீழே சக்கரமா பூவா, கண் வளையமா புள்ளியா என்பதை வைத்துத்தான் இது ஐசெனியர் காசா, கோரியெல்டாவியர் காசா, டுரோட்ரிஜியர் காசா என்று குடிவாரியாகப் பிரிக்கிறார்கள். செம்புக்கு மேல் பொன் முலாம் பூசிய அக்காலத்துக் கள்ளக்காசுகளும் இதில் கலந்து கிடக்கும்.

அதைவிட வருத்தம் தருவது, இவற்றைக் காசு என்றே தெரியாமல் எறிந்துவிடுவது. கென்ட் பகுதியில் கிடைக்கும் போட்டின் காசுகள் தகரம் அதிகம் கலந்த வெண்கலத்தில் வார்க்கப்பட்டவை. சாம்பல் நிறம், ஓரத்தில் வார்ப்பு வாய்க்காலின் முனை, நடுவில் நாலைந்து கோடுகள், அவ்வளவுதான். ஈயத் துண்டு என்று நினைத்துக் கழிவு டப்பாவில் போட்டவர்களை எனக்குத் தெரியும். சாம்பல் நிற வட்டத் தகடு எதையும் வெளிச்சத்தில் பார்க்காமல் எறியாதீர்கள்.

## வழி 2: இணையக் குழுவும் செயலியும்

வேகத்தில் இதற்கு இணை கிடையாது. பத்து நிமிடத்தில் பதில் வரும். குழுக்களில் உண்மையாகவே கரை கண்டவர்கள் இருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டுக் காசைப் பார்த்த மாத்திரத்தில் நாணயச்சாலை வரை சொல்லிவிடுவார்கள். அவர்களோடு பக்கத்தில், தெரிந்ததை வைத்து ஊகிப்பவர்களும் அதே உறுதியான குரலில் எழுதுவார்கள். புதிதாக வருகிறவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை. ஒரு சோதனை சொல்கிறேன்: பதில் சொல்பவரிடம், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அறிந்தவர் காசின் ஒரு மூலையைச் சுட்டிக்காட்டுவார்.

செயலிகளைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஒன்றுமில்லை. தெளிவான டெனாரியஸுக்குப் பரவாயில்லை. தேய்ந்த செப்புக்கும் கெல்ட்டிக் காசுக்கும் அவற்றை நம்பவே வேண்டாம்.

இந்த வழியின் உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் குறியீடு ஒளிந்திருக்கலாம். படத்தின் பின்னணியில் தேவாலயக் கோபுரம் தெரிந்தால் அதுவே போதும். இரவில் திருட்டுத்தனமாக வந்து வயலைத் தோண்டிப் போகிறவர்கள் இங்கிலாந்தில் பழைய தொல்லை. உங்களை நம்பி அனுமதி கொடுத்த விவசாயியின் பயிர் மிதிபட்டால், அந்த வயலின் கதவு உங்களுக்கு அதன்பின் திறக்காது. படத்தை வீட்டில், வெள்ளைத் தாளின் மேல், அளவுகோலோடு வைத்து எடுங்கள். இட விவரத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள். மாவட்டப் பெயருக்கு மேல் எதையும் எழுதாதீர்கள். இங்கே வரும் பதில் எதுவும் நிலைத்த பதிவாகச் சேராது. நாளைக்கு உரையாடலில் அமிழ்ந்துபோகும்.

## வழி 3: கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாவட்ட அருங்காட்சியகங்களிலும் உள்ளாட்சி அலுவலகங்களிலுமாக இப்படிச் சுமார் 40 அலுவலர்கள் இருக்கிறார்கள். 1997-ல் சில பகுதிகளில் சோதனையாகத் தொடங்கி, 2003-ல் இரு நாடுகளுக்கும் விரிந்த, மேலே சொன்ன போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் திட்டத்தின் அலுவலர்கள் இவர்கள். காசைக் கொடுத்தால் ரசீது தருவார்கள். எடை, விட்டம், இருபக்க அச்சும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் விழுந்திருக்கின்றன என்பது வரை குறித்து, படம் எடுத்து, தரவுத்தளத்தில் தனி எண்ணோடு ஏற்றுவார்கள். அவருக்கே ஐயம் இருந்தால் இரும்புக்கால, ரோமானிய நாணயங்களுக்கென்று உள்ள தேசிய ஆலோசகரிடம் கேட்பார். கெல்ட்டிக் காசானால், 1960-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் அட்டைகளாகத் தொடங்கிய கெல்ட்டிக் நாணயக் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு உண்டு. பணம் கட்ட வேண்டியதில்லை. புதையல் இல்லையென்றால் காசு உங்களிடமே திரும்பும்.

இடம் வெளியே தெரிந்துவிடுமே என்று விவசாயிகள் அஞ்சுவார்கள். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்கு மேல் துல்லியமாகக் காட்ட மாட்டார்கள். துல்லியமான எண் ஆய்வாளர்களுக்கு மட்டும். இதை விவசாயியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். மாதக்கணக்கில் ஆகும். ஒரு காசுக்காக எட்டு மாதம் காத்திருந்திருக்கிறேன். ஓர் அலுவலருக்குப் பெரிய மாவட்டம் முழுதும் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்டல் டிடெக்டர் சங்கக் கூட்டங்களுக்கும் அவரே வருவார். உரு எதுவும் தெரியாத தேய்ந்த செப்புத் துண்டுகளை எல்லாம் தனித்தனியாகப் பதிவுசெய்ய அவருக்கு நேரம் இருக்காது. விலையும் சொல்ல மாட்டார். அது அவர் வேலை இல்லை. காப்பீட்டுக்கோ, நில உரிமையாளரோடு பங்கு பிரிக்கவோ தொகை தெரிய வேண்டுமென்றால் வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இருந்தாலும் இந்த வழி ஏன் என் மனதுக்கு நெருக்கமானது என்பதற்கு ஒரு கதை. 1900-ல் பிரான்சில் கிடைத்த ஒரு காசில் டொமிஷியானஸ் என்று ஒரு பேரரசரின் பெயர் இருந்தது. முதலாம் நூற்றாண்டின் டொமிஷியன் இல்லை. 271 வாக்கில், கால்லியாவில் தனியாட்சி நடந்த காலத்தில், கொஞ்ச நாள் ஆண்ட ஒருவர். காசு போலியாகத்தான் இருக்கும் என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2003-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் சால்குரோவில் மெட்டல் டிடெக்டர்காரர் ஒருவர் ஏறக்குறைய ஐயாயிரம் காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த பானையைக் கண்டெடுத்தார். அதை உடைத்துப் பிரிக்காமல் அப்படியே ஒப்படைத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, அதே அச்சில் அடித்த, அதே பெயருள்ள இன்னொரு காசு அதிலிருந்து வந்தது. நூறு ஆண்டுகளாகப் பொய் என்று நினைத்த ஒரு பேரரசர் உண்மையானார். அந்தக் காசு தனியாக ஒரு கடையில் விலைக்கு வந்திருந்தால் இரண்டாவது போலி என்றுதான் சொல்லியிருப்பார்கள். மண்ணோடும் மற்றக் காசுகளோடும் சேர்ந்து வந்ததுதான் அதற்குச் சான்று.

## வழி 4: நாணய வணிகரும் ஏலக் கூடமும்

விற்பதென்று முடிவு செய்தவருக்கும், விலை தெரிய வேண்டியவருக்கும், உண்மையா நகலா என்ற ஐயம் உள்ளவருக்கும் இது தேவை. நாள்தோறும் நூறு காசுகளைத் தொடும் விரலுக்குத் தெரிவது புத்தகத்துக்குத் தெரியாது. அருங்காட்சியகக் கடைகளில் குழந்தைகள் வாங்கும் நகல் காசுகள் வயலில் விழுந்து கிடப்பதுண்டு. ஓரத்தைப் பார்த்ததும் வணிகர் சொல்லிவிடுவார். பொற்காசுகளில், அதுவும் கெல்ட்டிக் ஸ்டேட்டர்களில், தனித்தேர்ச்சி உள்ள வணிகர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். அவர்களின் பட்டியல்களை வைத்து ஆய்வாளர்களும் படிக்கிறார்கள். நல்ல வணிகர், இதை முதலில் பதிவு செய்தீர்களா என்று தானே கேட்பார்.

ஆனால் உங்களிடம் பெயர் சொல்லும் அதே வாய்தான் விலையும் சொல்கிறது. வாங்கும் எண்ணம் உள்ளவரிடம் அடையாளம் கேட்பது எப்போதும் சங்கடமானது. தம்பிக்கு நாற்பது பவுண்டு சொன்ன வியாபாரி காசின் பெயரைச் சொல்ல மறுத்தார் என்பதே எனக்குப் போதுமான பதில். ஏலத்தில் விற்றால் விற்பனைத் தொகையில் ஒரு பங்கு கட்டணமாகப் போகும். நில உரிமையாளரோடு பாதிக்குப் பாதி என்பதுதான் வழக்கம். அதை எழுத்தில் வாங்காமல் தோண்டத் தொடங்கியிருந்தால் விலை கேட்ட பிறகு மனக்கசப்பு வரும். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: இந்த நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பழங்காசை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்க ஆசை வரலாம். ஏற்றுமதி உரிமம் இல்லாமல் அதை விமானத்தில் எடுத்துப் போகக் கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நாமே | இணையம் | அலுவலர் | வணிகர் |
|---|---|---|---|---|
| ரோமானியக் காசு | பழகினால் மிக நன்று | நன்று, ஆள் பொறுத்து | மிக நன்று | மிக நன்று |
| கெல்ட்டிக் காசு | ஏமாற்றும் | கலவையான பதில் | மிக நன்று | தனித்தேர்ச்சி இருந்தால் மட்டும் |
| காலம் | சில மாலைகள் | நிமிடங்கள் | மாதங்கள் | ஒருநாள் முதல் சில வாரம் |
| பணம் | தராசு, உருப்பெருக்கி | இல்லை | இல்லை | விற்றால் கட்டணம் |
| மறைந்த செலவு | பொய் உறுதி | இடம் கசிவது | காத்திருப்பு | சொல்பவருக்கே ஆதாயம் |
| இடம் பதிவாகுமா | இல்லை | இல்லை | ஆம் | பெரும்பாலும் இல்லை |

## எந்தக் காசோடு எங்கே போவது

வாரம் நாலைந்து தேய்ந்த ரோமானியச் செப்புக்காசு கிடைக்கும் வயலில் நடப்பவர் முதல் வழியைக் கற்றே ஆக வேண்டும். கொடியை எண்ணுங்கள், தாடியைப் பாருங்கள், உறையில் உங்கள் ஊகத்தை எழுதுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாக அலுவலரிடம் கொண்டுபோங்கள். உங்கள் குறிப்பு இருந்தால் அவர் வேலை பாதியாகக் குறையும், உங்கள் தவறும் திருத்தப்படும். நான் கற்றதில் பெரும்பகுதி, அவர் என் குறிப்பின் மேல் பென்சிலால் அடித்துத் திருத்தியதில் இருந்துதான்.

முழுசாக, எழுத்தோடு, ஒற்றையாகக் கிடைத்த டெனாரியஸுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பெயரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதையும் பதிவுக்குக் கொடுங்கள். உடனடியாக ஆவல் தீர வேண்டும் என்றால் இணையக் குழுவில் கேட்பதில் தவறில்லை, இடத்தை மறைக்கும் வரை.

கெல்ட்டிக் என்று ஐயம் வந்தாலே நேராக அலுவலர். நடுவில் வேறு வாசல் வேண்டாம். ரோமானியர் வருவதற்கு முந்தைய பிரிட்டனில் எந்த மன்னர் எங்கே ஆண்டார் என்பதற்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. எந்தக் குடியின் எல்லை எதுவரை என்று இன்று வரையும் வரைபடங்கள் பெரும்பாலும் அவரவர் காசு கிடைத்த இடங்களை வைத்துத்தான் வரையப்படுகின்றன. கோல்செஸ்டரில் ஆண்ட குனோபெலினின் காசில் தானியக் கதிரும், சி-ஏ-எம்-வி என்று கமுலோடூனும் என்ற அந்த ஊரின் பழம்பெயரின் முதல் நான்கு லத்தீன் எழுத்துகளும் இருக்கும். அது எந்தெந்த வயல்களில் கிடைக்கிறது என்பதே அவருடைய கை எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்குச் சான்று. அப்படிப்பட்ட ஒரு புள்ளியை நாற்பது பவுண்டுக்கு அழித்துவிட எனக்கு மனம் வராது.

வணிகரிடம் கடைசியில் போங்கள். பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கிடைத்த இடமும் பதிவும் உள்ள காசை வாங்குபவர் நம்பி வாங்குவார். பேரம் பேசவும் உங்களுக்குக் கால் ஊன்ற இடம் இருக்கும்.

தம்பி மறுவாரமே அருங்காட்சியகத்துக்குப் போனார். நானும் உடன் போயிருந்தேன். அலுவலர் காசைத் துடைக்கவில்லை. விளக்கை மேசைக்கு இணையாகத் தாழ்த்தி, காசை மெல்லத் திருப்பிக்கொண்டே போனார். ஒரு கோணத்தில் கழன்று கிடந்த கால்கள் உடலோடு சேர்ந்தன, குதிரை ஓடியது. அதன் வயிற்றுக்குக் கீழே, நாங்கள் இருவரும் கீறல் என்று நினைத்த இடத்தில், டி, ஏ என்று இரண்டு எழுத்துகள். "தாசியோவானஸாக இருக்கலாம், ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்வேன்" என்றார். குனோபெலின் தன் காசுகளில் தந்தை என்று குறிப்பிடும் மன்னர் அவர். காசு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ரசீதை மடித்துத் தன் பர்ஸில் வைத்திருக்கும் தம்பி, அறுவடை முடிந்ததும் அதே வயலில் இறங்க விவசாயியிடம் தேதி வாங்கியிருக்கிறார்.